யார் முறையிலும் சேராத மாதம்

என் அப்பாவை மூன்றாகப் பங்கு போட்ட அன்று நானும் அங்கே இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். அம்மா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. பொன்னேரிக்குக் கிழக்கே எங்கள் ஊர். எங்கள் நெற்களத்தில் பாய் விரித்து ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரியண்ணன், சின்னண்ணன், தம்பி. நான் பெண்பிள்ளை, கல்யாணமாகிக் கவரைப்பேட்டைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாயில் எனக்கு இடம் கிடையாது. அண்ணிகளோடு வைக்கோல் போர் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் தெலுங்குப் பஞ்சாங்கம்தான். நைனா அன்று நிலம் முழுவதையும் மூன்று பிள்ளைகளுக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்தார். தனக்கென்று ஒரு காணிகூட வைத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் உன் கையில வச்சிக்கப்பா" என்று ஒரு பெரியவர் சொல்லிப் பார்த்தார்.

"மூணு புள்ளைங்க கீறானுங்க. எனக்கு இன்னாத்துக்கு நெலம்?" என்றார் நைனா. அதைச் சொன்னபோது அவர் மார்பு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

நிலத்துக்குப் பிறகு நைனா. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மாச முறை என்று முடிவானது. முதல் மாசம் பெரியண்ணன் வீடு, அடுத்தது சின்னண்ணன், அதற்கடுத்தது தம்பி. மூன்று பேரும் அப்போது ஒரே தெருவில் இருந்தார்கள். எங்கள் பஞ்சாங்கத்தில் அமாவாசையோடு மாசம் முடியும் என்பதால், அமாவாசைக்கு மறுநாள் காலையில் நைனா வீடு மாற வேண்டும். பன்னிரண்டு மாசம், மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நாலு மாசம். யாருக்கும் ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரியவர்கள் திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு வருஷமும் அதே பிள்ளைக்கு அதே மாசம்தான் வரும். உகாதி, தீபாவளி, பொங்கல் மூன்றும் பெரியண்ணன் மாசங்களில் விழுந்தன. சொந்தக்காரர்கள் வருகிற நாளெல்லாம் நைனா புது வேட்டியோடு பெரியண்ணன் வீட்டில்தான் இருப்பார். பார்த்தவர்களெல்லாம் பெரியவன்தான் தாங்குகிறான் என்று பேசிக்கொண்டே ஊருக்குத் திரும்பினார்கள். அண்ணனும் இல்லையென்று மறுக்கவில்லை.

இதைவிடப் பெரிய பிசகு ஒன்று அந்தக் களத்திலேயே நடந்திருந்தது. பஞ்சாங்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய நான்கு பேரும் அதை மறந்திருந்தார்கள். தெலுங்குக் கணக்கில் இரண்டரை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாசம் கூடுதலாக வரும். அதிக மாசம் என்பார்கள். அதில் கல்யாணம் காட்சி எதுவும் வைக்க மாட்டார்கள். அது முடிந்த பிறகு அதே பெயரில் நிஜ மாசம் வரும். அந்தப் பதின்மூன்றாவது மாசத்தில் நைனாவுக்கு யார் சோறு போடுவது என்று யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மூன்றாம் வருஷம் அது வந்தது. அம்மாவுக்கு அமாவாசைப் படையல் போட நான் ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை, பெரியண்ணன் மாசம் முடிந்து, நைனா டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சின்னண்ணன் வீட்டு வாசலுக்குப் போனார். சின்ன அண்ணி வாசலிலேயே நின்றாள்.

"மாமா, இது அதிக மாசம். எங்க முறை நிஜ மாசத்துலதான் வர்து. அதுவரிக்கும் பெரிய ஊட்லயே இருங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மோர் ஊற்றும்போது போதுமா என்று கேட்பாளே, அதே குரல்.

நைனா தெருவைத் தாண்டித் திரும்பி வந்தார். பெரிய அண்ணி முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். "எங்க மாசம் நேத்து அமாவாசையோட முடிஞ்சிட்ச்சே மாமா. வேணும்னா பஞ்சாங்கத்த எடுத்துப் பாருங்க" என்றாள்.

பெட்டி தோளில் இருக்க நைனா தெரு நடுவில் நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதாம்மா. கணக்கு அப்டிதான் வர்து."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன்கள் இருவரும் உள்ளே இருந்தார்கள், தலை நீட்டவில்லை. பெட்டியைப் பிடுங்கினேன். "வா நைனா, எங்க ஊட்டுக்குப் போலாம்."

"பொண்ணு ஊட்லயா? எதுக்கு பேஜாரு? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைப்பதற்கே கூசுகிற மனிதர் அவர். என் கல்யாணமான புதிதில் பார்க்க வந்தால், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடுவார். அன்று வேறு வழி இல்லாமல் வந்தார். ரயிலடிக்குப் போகிற வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களிடம், "பொண்ண பாத்துட்டு ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு மாசம் இருந்தார், போனார். அடுத்த அதிக மாசமும் வந்தார், இருந்தார், போனார். யார் முறையிலும் சேராத மாதம் என் முறை என்று ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் சந்தோஷம்தான். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கட்டிலுக்குக் கயிறு இழுத்துக் கட்டுவேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கென்று எஸ்டேட் வந்தது. இரும்பு உருக்குகிற கம்பெனி, மருந்து வாசனை அடிக்கிற கம்பெனி என்று ஒவ்வொன்றாக எழும்பின. தம்பி தன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தான். கும்மிடிப்பூண்டியிலேயே லைன் வீட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பெண்டாட்டியோடு போய்விட்டான். என் வீட்டுக்காரரும் ரைஸ் மில்லை விட்டுவிட்டு இரும்புக் கம்பெனிக்குப் போனார், கவரைப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில். சின்னண்ணன் குடும்பத்தோடு மெட்ராசுக்கே போய்விட்டான். ஊரில் மிஞ்சியது பெரியண்ணன் மட்டும்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது அதிக மாசம் வந்தது. நைனா வழக்கம்போல வந்தார். மாசம் முடிந்தது. அழைத்துப் போக ஒருவரும் வரவில்லை.

என் வீட்டுக்காரரை விட்டு மூன்று பேருக்கும் கடிதம் எழுத வைத்தேன். சின்னண்ணன், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறோம், நைனாவை எங்கே படுக்க வைப்பது என்று எழுதினான். தம்பி நேரில் வந்தான். "நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு வந்து பகல்ல தூங்கணும்க்கா. ஒரே ரூம்ல நைனாவும் இருந்தா நா எப்டி தூங்கறது?" என்று என்னையே நியாயம் கேட்டான். பெரியண்ணன் சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மூணு பேர் முறைன்னுதானே பெரியவங்க பேசினாங்க? அவனுங்க ரெண்டு பேரும் செய்யலன்னா, நா மட்டும் எப்டி செய்யறது? என் மாசத்துக்கு நா வந்து கூட்டிகினு போறேன்."

வந்தான். சொன்ன சொல் தவறாமல் வந்தான். எப்போது? தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். புது வேட்டி கட்டி அழைத்துக்கொண்டு போனான். சொந்தக்காரர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனதும் ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டான். பொங்கலுக்கும் அப்படியே. அந்த நாலு நாளும் நைனாவின் முகம் எப்படி மலர்ந்து கிடக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. என் வீட்டில் முந்நூறு நாள் சாப்பிட்டதில் ஒரு நாள்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் இருந்தார். டிரங்குப் பெட்டியை ஒரு நாளும் காலி செய்யவில்லை. ஆணியில் மாட்ட இடம் விட்டிருந்தேன், மாட்ட மாட்டார். துவைத்துக் காய்ந்த வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடுவார், மறுநாள் திறந்து எடுப்பார். தபால்காரர் கேட்டாலும், பால்காரம்மா கேட்டாலும் ஒரே பதில்தான். "பொண்ண பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ரெண்டு நாள்ல கெளம்பிடுவேன்." முதலில் சிரித்தேன். அப்புறம் எரிச்சல் வந்தது. கடைசியில் ஒவ்வொரு தடவையும் வலித்தது.

ஒரு வருஷம் போனதும் நைனாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு குழறியது. பொன்னேரி பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதன்பிறகு பெரியண்ணன் தீபாவளிக்கும் வருவதில்லை. உடம்பு முடியாதவரை அலைக்கழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். எவ்வளவு அக்கறை!

எங்கள் வீடு ஒரே அறை, பின்னால் ஒரு சமையல் சார்ப்பு. நாங்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர், நைனா. காலையில் எழுந்ததும் அவர் நனைத்த துணியை எடுத்து அலசுவேன். கேழ்வரகுக் கஞ்சியை ஸ்பூனால் வாயில் ஊற்றுவேன், பாதி வழியும். புண் வராமல் இருக்க மூன்று மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பேன். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து குளிப்பாட்டுவார். மகள் துணி அலசுகிறாளே என்று நைனா கண்ணை மூடிக்கொள்வார், மருமகன் தொடும்போது மட்டும் பேச்சுக் கொடுப்பார். அவர்கள் இரண்டு பேரும் குழறலும் சிரிப்புமாக என்னவோ பேசிக்கொள்வார்கள். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

நான் பொறுமைசாலி என்று சொல்ல மாட்டேன். அலுப்பு வந்தால் பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். வீட்டுக்குள் இருக்கிற கோபத்தையெல்லாம் அடிபம்பில் கொண்டுபோய்க் கொட்டுவேன். பம்பு எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. குடத்தை வைத்துவிட்டுக் கைப்பிடியை அடித்துக்கொண்டே பேசுவேன். "மூணு தடியனுங்கள பெத்தாரு. நெலத்த வாங்கிகினானுங்க. மூத்திரத் துணி மட்டும் எனக்கு!" தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஒருத்தி பெரியண்ணனைத் திட்டுவாள், ஒருத்தி அண்ணியைத் திட்டுவாள். கை வலி தெரியாமல் குடம் நிறையும்.

ஒரு அறுவடை முடிந்து பெரியண்ணன் வண்டியில் ஒரு மூட்டை அரிசி அனுப்பினான். அவன் வரவில்லை, வண்டிக்காரன் மட்டும் வந்தான். தெருவே பார்க்கிறாற்போல் வாசலில் நின்று, "எடுத்துகினு போய் உங்க மொதலாளி பெண்டாட்டியையே ஆக்கித் தின்னச் சொல்லு. எங்க நைனாவுக்குப் புள்ள வோணும், மூட்ட வோணாம்" என்று கத்தினேன். மூட்டை அதே வண்டியில் திரும்பிப் போனது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். அன்று மதியம் நைனா வாயைத் திறக்கவில்லை, கஞ்சி ஆறிப்போனது. பிள்ளை நேரில் வராத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ரேஷன் கார்டு. நைனா பெயர் பெரியண்ணன் கார்டில்தான் இருந்தது. மூன்று வருஷமாக அவர் பெயருக்கு வருகிற சர்க்கரையும் அரிசியும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சர்க்கரை போனால் போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. எங்கள் கார்டில் வீட்டுக்காரர் பெயர், என் பெயர், பெண்கள் பெயர், அதற்குக் கீழே நைனா பெயர் இருக்க வேண்டும். இந்த மனிதர் இந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று ஒரு காகிதமாவது சொல்ல வேண்டும். அவர் வாயால்தான் சொல்ல மாட்டேன் என்கிறாரே.

பேச்சை எடுத்தாலே நைனா இடது கையை ஆட்டுவார். "வோணாம்மா. அவன் கார்டுலயே இருக்கட்டும்." நான் விடவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "வியாழக்கெழம பொன்னேரி ஆபீஸ்ல அதிகாரி இருப்பாராம். மனு எழுதித் தர்றேன், அன்னிக்கே போய்க் குட்துட்டு வா. நைனாவ பக்கத்து ஊட்டு அக்கா பாத்துக்குவாங்க." எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி. கடைசியில் இந்த மனிதராவது என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை நைனாவுக்கு நாஷ்டா ஊட்டி, துணி மாற்றி, பாசஞ்சர் பிடித்துப் பொன்னேரி போனேன். ஆபீசில் வரிசை. என் முறை வந்தபோது குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இன்னாம்மா, அப்பா பேர பொண்ணு கார்டுல சேக்கறதா? அவருக்குப் பசங்க இல்லியா?"

"கீறானுங்க, மூணு பேரு" என்றேன், ஆபீஸ் முழுக்கக் கேட்கிறாற்போல்.

பழைய கார்டில் பெயரை எடுத்ததற்கு ஒரு சீட்டும், மனுவில் அப்பாவின் கைரேகையும் வேண்டும் என்றார். பரவாயில்லை, பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்றுதான் பட்டது. நைனாவுக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மூன்று மணி வாக்கில் வீடு வந்து சேர்ந்தேன்.

கட்டில் காலியாக இருந்தது. பெட்டியும் இல்லை. விரிப்பை யாரோ மடித்து வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள். "உங்க அண்ணன், தம்பிங்க மூணு பேரும் கார் எட்துகினு வந்தாங்கம்மா. தூக்கி உக்கார வச்சி கூட்டிகினு போய்ட்டாங்க. நா உன்ன கேக்காம எப்டின்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"நைனா ஒண்ணும் சொல்லலியா?"

அவள் தயங்கினாள். "அவரு சிரிச்சிகினேதாம்மா போனாரு."

நான் நம்பவில்லை. கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் தெருவில் கத்தினேன். பிணத்துக்கு உரிமை கொண்டாட வந்துவிட்டானுங்க, சாகிற நேரம் பார்த்து ஊருக்குக் காட்ட எடுத்துக்கொண்டு போகிறானுங்க என்று பம்படியில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். கேட்டுக்கொண்டார். குளிக்கப் போய்விட்டார். வாயில்லாத மனிதர், வேதனையை உள்ளுக்குள் வைத்துக்கொள்கிறார் என்று அவர் மேல் இரக்கப்பட்டேன்.

மறுநாள் ஊருக்குப் போனேன். பெரியண்ணன் வீட்டுக் கூடத்தில், நல்ல மெத்தையில், வெள்ளை விரிப்பில் நைனா கிடந்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள். மூன்று அண்ணன் தம்பிகளும் கால்மாட்டில். திரும்பக் கூட்டிப்போவது என்று முடிவு செய்துதான் உள்ளே நுழைந்தேன். அவர் என்னைப் பார்த்தார். குழறினாலும் எல்லோருக்கும் புரிகிறாற்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"வாம்மா. எப்ப வந்த? மாப்ள, கொழந்தைங்க எல்லாம் சௌக்கியமா?"

இரண்டு வருஷம் நான் துடைத்த வாய் அது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டது. பெரிய அண்ணி ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. யாரைப் பிடித்துக் கத்துவது என்று தெரியவில்லை. அண்ணனுக்குப் பயந்துகொண்டு அப்படிப் பேசுகிறார் என்று திரும்பி வருகிற வழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். மூன்று பிள்ளைகள் தூக்க ஒரு குறையும் இல்லாத சாவு என்று ஊர் பேசியது. பெரியண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள், "கடேசி வரிக்கும் கண்ணுல வச்சிப் பாத்தியேப்பா" என்றார்கள். அவன் மறுக்கவில்லை, அவனுக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையே. என் வீட்டுக்காரர் மருமகன் முறைக்குக் கோடி வேட்டி போர்த்தினார். நான் வாய்க்கரிசி போட்டேன்.

கருமாதி அன்று கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தூரத்து உறவினர் ஒருவர் சின்னண்ணனின் மெட்ராஸ் விலாசம் கேட்டார். "உள்ள கம்பியில அவன் போட்ட தபால் கார்டு குத்தி வச்சிருக்கேன், எடுத்துக் குடு" என்று பெரியண்ணன் என்னிடம் சொன்னான். பீரோ பக்கத்தில் சுவரில் வளைந்த கம்பி, அதில் வந்த கடிதமெல்லாம் குத்தியிருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது என் வீட்டுக்காரரின் கையெழுத்து.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், அதனால் ஒரு வார்த்தைகூட விட்டுப் போகவில்லை.

"சிரஞ்சீவி பெரியவனுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு நாளுக்கு நாள் தளர்கிறது. பிள்ளைகள் இருக்க, மாப்பிள்ளை வீட்டில் பிணமாகக் கிடந்தான் என்ற சொல் உங்களுக்கு வேண்டாம். மூவரும் சேர்ந்து வந்து அழைத்துப் போகவும். உன் தங்கைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் விடமாட்டாள், ஊரைக் கூட்டுவாள். வருகிற வியாழக்கிழமை பகலில் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். அன்று வரவும்."

கார்டைக் கம்பியிலிருந்து உருவி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். விலாசத்தை எடுத்துக் கொடுத்தேன். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். பெண்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். வயல் வரப்பு முடிந்து ரோடு ஏறும் இடத்தில் கார்டை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"நீங்கதானே எழுதினீங்க?"

"அவரு சொன்னாரு. நா எழுதினேன்."

"வியாழக்கெழம போன்னு என்ன அனுப்பனதும்..."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். அதனால் இன்னும் கோபம் வந்தது. "ரெண்டு வருசம் பீ, மூத்திரம் அள்ளினேனே. அவருக்கு நா இன்னா கொற வச்சேன்? ஏன் என்ன இப்டி பண்ணீங்க ரெண்டு பேரும்?" என்று ரோட்டில் நின்று கேட்டேன். லாரி ஒன்று போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் அவர் சொன்னார். நைனாவைக் குளிப்பாட்டும்போது ஒரு நாள் நைனா சொன்னாராம்.

"'எம் பொண்ணு என்ன நல்லா பாத்துக்கினா மாப்ள. ஆனா என்ன வச்சே எம் புள்ளைங்கள அடிச்சிகினே கீறா. பம்புகிட்ட அவ பேசறதெல்லாம் எனக்குக் கேக்குது. அந்த அடி எம் மேலதான் வுழுது'ன்னாரு."

ரயிலேறி வந்துவிட்டோம். வீட்டுக்காரரோடு பேச எனக்கு நாலு மாசம் பிடித்தது. அண்ணன் தம்பிகளோடு பேச்சு கிடையாது. அவர்கள் செய்ததை நான் வருஷக்கணக்காக எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாயிற்று. அந்தக் கார்டைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். நைனா சொன்னதில் நியாயம் இருக்கலாம். என் வாயை நான் அறிவேன். ஆனால் மூன்று வருஷம் ஒரே அறையில், கையெட்டுகிற தூரத்தில் இருந்தோம். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, "நிறுத்தும்மா, எனக்குக் கேக்குது" என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுதச் சொன்னார். அதுவும் எனக்கு எழுதச் சொல்லவில்லை.